அன்ரன் வீட்டுத் தண்ணீர்

இந்தத் தொடரில் இந்த வாரம் எழுதப்போவது நடப்பதற்கு முன் ஹனோவரில் எனக்கு இருந்த இடம் எது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அதை அறியாமல் வாசிப்பவர்களுக்கு நான் செய்தது வெறும் பிடிவாதமாகத் தோன்றும்.

யாழ்ப்பாணத்தில் கணிதப் பட்டதாரியாகப் பதினொரு ஆண்டுகள் கல்லூரியில் கற்பித்தவன் நான். ஜெர்மனிக்கு வந்தபின் ஒரு பொருட்கிடங்கில் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை செய்தேன். கிடங்கில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை தமிழ்த் திருப்பலி முடிந்து வெளியே வந்தால் மாஸ்டர் என்றார்கள். அலுவலகங்களிலிருந்து வரும் கடிதங்களை உறை பிரிக்காமலே என்னிடம் கொண்டுவருவார்கள். கலியாண வீட்டில் எந்தக் குடும்பத்தை எங்கே இருத்துவது என்று பிணக்கு வந்தால் அது கடைசியில் என்னிடம் வந்து முடியும்.

இந்த மரியாதை படிப்பினால் வந்தது என்று நான் நினைத்ததில்லை. பட்டம் பெற்றவர்கள் எங்கள் நகரில் பலர் இருக்கிறார்கள். சொன்ன சொல்லை மாற்றாதவன் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. அதைக் காப்பதற்காகவே நான் நிறையச் சிரமப்பட்டிருக்கிறேன் என்பதை இப்போது, களைத்துப்போன இந்த வயதில், ஒப்புக்கொள்ளலாம்.

ஒதுக்கி வைத்த அழைப்பிதழ்

மகள் டிலானியின் கலியாண அழைப்பிதழ்கள் வந்திறங்கிய மாலை. சாப்பாட்டு மேசை முழுவதும் பரப்பி, உறைகளில் பெயர் எழுதிக்கொண்டிருந்தோம். புதிய மையின் மணம் குசினி வரைக்கும் போயிருந்தது. என் மனைவி றெஜினா ஓர் உறையை எடுத்து, எதுவும் எழுதாமல், மேசையின் ஓரத்தில் ஒதுக்கி வைத்தார்.

"இது தம்பிக்கு" என்றார். "இதை ஆர் கொண்டுபோய்க் குடுக்கிறது?"

அவருடைய ஒரே தம்பி அன்ரன். டிலானிக்குத் தாய்மாமன். அவுஸ்திரேலியாவில், பாலைவனத்தின் நடுவே ஓப்பல் கல் தோண்டும் ஓர் ஊரில் இருந்தான். கூபர் பீடி என்று பெயர். அங்கே சனங்கள் நிலத்துக்குக் கீழே வீடு குடைந்து வாழ்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தோம்.

"அப்பா, போனில படம் எடுத்து அனுப்பினாக் காணும்தானே" என்றாள் டிலானி. "மாமா ஒண்டும் நினைக்கமாட்டார்."

"தாய்மாமனுக்குப் போனிலயோ கலியாணம் சொல்லுறது?" என்றார் றெஜினா. மகளிடம் சொன்னாலும் பார்வை என்மேல்தான் இருந்தது.

அதற்குக் காரணம் உண்டு. இரண்டு ஆண்டுகளுக்கு முன், வேறொரு குடும்பத்தில் பெண்ணின் பெரியப்பாவுக்குத் தொலைபேசியில் கலியாணம் சொல்லிவிட்டார்கள். அவர் வரமாட்டேன் என்றார். பிணக்கு என்னிடம் வந்தது. நேரில் போய்க் கையில் கொடுத்துச் சொல்லாதது அழைப்பே இல்லை என்று முடிவு சொன்னவன் நான். கோயில் வாசலில், பலர் கேட்க.

"என்ர முழங்கால் ஒப்பரேசனுக்கு அடுத்த மாசம் நாள் குறிச்சுத் தெர்மின் தந்திட்டாங்கள். எனக்கு ஏலாது. நீங்கள்தான் போகவேணும்" என்றார் றெஜினா. பிறகு பேனையைக் கீழே வைத்தார். "போய் அவன்ர வீட்டில ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு வாங்கோ. அவ்வளவுதான் நான் கேக்கிறது."

"அழைப்பிதழைக் கொண்டுபோய்க் குடுக்கிறன்" என்றேன். "தண்ணி குடிக்கிற கதை வேண்டாம்."

முதல் நன்மை விருந்து

அந்தக் கதை எங்கள் நகரத் தமிழர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டின் பின்புறத்தில் அன்ரன் குண்டுவீச்சுக்குப் பதுங்க ஒரு பங்கர் வெட்டினான். அப்போது அவனுக்குப் பத்தொன்பது வயது. தனி ஆளாக வெட்டி, மேலே பனங்குற்றி அடுக்கி, மண்மூட்டை போட்டான். ஒரு பிற்பகல் விமானங்கள் வந்து குண்டு போட்டுப் போயின. போனபின் அயலார் எல்லோரும் ஏறி வெளியே வந்தார்கள். அன்ரனும் நானும் மட்டும் பொழுதுபடும்வரை உள்ளே இருந்தோம். என்ன நடந்தது என்று வெளியில் நின்றவர்கள் கேட்டபோது அன்ரன் சொன்னான்: "எனக்குப் பயம். அத்தான் எனக்குத் துணைக்கு இருந்தவர்."

பல ஆண்டுகளுக்குப் பிறகு அவனும் ஹனோவருக்கு வந்து சேர்ந்தான். மின்வேலை பழகுவதற்கு ஓர் அவுஸ்பில்டுங், அதாவது தொழிற்பயிற்சி இடம், பிடித்துக் கொடுத்தேன். நாலு பேரிடம் போய்க் கேட்டு எடுத்த இடம் அது. மூன்று கிழமையில் விட்டுவிட்டு வந்தான். மூடிய பட்டறைக்குள் நாள் முழுக்க ஒருவன் பின்னால் நின்று கத்துவது தனக்குச் சரிவராது என்றான். என் முகத்தில் கரி பூசியதாக நான் எடுத்துக்கொண்டேன்.

சிறுமியாக டிலானி கோயிலில் முதல் நன்மை வாங்கிய நாளின் விருந்து எங்கள் வீட்டில் நடந்தது. நாற்பது பேர் இருந்திருப்பார்கள். அவுஸ்பில்டுங் என்னவாயிற்று என்று யாரோ கேட்டார்கள். நான் பங்கர் கதையைச் சொன்னேன். எல்லோரும் வெளியே வந்தபின்னும் வெளியே வர மறுத்த பெடியனின் கதையாக, கை அசைவுகளோடு, வகுப்பில் சொல்வதுபோலச் சொன்னேன். முடிவில் "பங்கர் அன்ரன்" என்றேன். வீடு முழுவதும் சிரித்தது.

அன்ரன் சாப்பாட்டுத் தட்டை மெதுவாகக் கீழே வைத்தான். பாதிச் சாப்பாடு அதில் இருந்தது. "அத்தான், இனி உங்கட வீட்டில நான் கை நனைக்கமாட்டன்" என்றான்.

"நல்லது" என்றேன். "நானும் இனி உன்ர வீட்டில ஒரு சொட்டுத் தண்ணியும் குடிக்கமாட்டன்."

நாற்பது பேர் கேட்டார்கள். அடுத்த ஆண்டு அவன் கலியாணம் செய்து அவுஸ்திரேலியா போனான். சில காலத்தில் மனைவி நோயில் இறந்தார். பிறகு பாலைவனத்துக்குப் போய்விட்டான். றெஜினா ஞாயிறுதோறும் அவனோடு தொலைபேசியில் கதைப்பார். நான் அப்போது வேறு அறையில் இருப்பேன்.

ட்ராம் பற்றிய ஓர் இடைச்செருகல்

இங்கே சிறிது விலகிப் போக அனுமதி கேட்கிறேன்.

ஹனோவரில் ட்ராம் நகர நடுவில் நிலத்துக்குள் இறங்கும். அதற்கு முந்தைய நிறுத்தத்தில் இறங்கி நடந்து போவது என் வழக்கம். நடை உடம்புக்கு நல்லது என்று சொல்வேன். மழையிலும் நடந்திருக்கிறேன். ஒருமுறை எங்கள் கோயில் பங்கு மக்கள் எல்லோரும் பேருந்தில் ஹார்ட்ஸ் மலைப் பக்கம் போனோம். அங்கே பாறையைக் குடைந்து கட்டிய பழைய வீடுகள் சில உண்டு. எல்லோரும் உள்ளே போய்ப் பார்த்தார்கள். கோட்டுகளையும் கைப்பைகளையும் ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நான் வெளியே நின்றேன். பொறுப்பானவர் என்று பாராட்டினார்கள்.

இதை ஏன் சொன்னேன் என்பது பின்னால் தெரியும்.

மரமில்லாத ஊர்

பிராங்பேர்ட்டிலிருந்து இரண்டு விமானம் மாறி அடிலெய்டு. அங்கிருந்து, பேருந்து அளவே இருந்த ஒரு விமானம். பயணத்தில் என் கால்கள் வீங்கிச் சப்பாத்து இறுகிவிட்டது. றெஜினா கட்டித் தந்த பயத்தம் பணியாரத்தை அடிலெய்டு விமான நிலையத்தில் ஓர் அலுவலர் பிரித்து, மணந்து, என்னை ஏற இறங்கப் பார்த்துத் திருப்பித் தந்தார். எழுபத்தைந்தை நெருங்கும் வயதில் ஒரு பலகாரத்துக்காக இருபது நிமிடம் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது.

மேலேயிருந்து பார்த்தபோது ஊர் தெரியவில்லை. தட்டையான செம்மண் நிலத்தில் ஆயிரக்கணக்கான வெள்ளை மண் கும்பிகள் மட்டும் தெரிந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு குழி. ஓப்பலுக்காகத் தோண்டி, கல் இல்லையென்று கண்டு, மூடாமல் விட்டுப்போன குழிகள் என்று பிறகு அறிந்தேன். பின்னோக்கி நடக்க வேண்டாம் என்று எச்சரிக்கும் பலகைகள் வீதி ஓரம் நின்றன. மரம் இல்லை. குன்றுகளின் பக்கவாட்டில் கதவுகள் இருந்தன. குன்றின் உச்சியில் தொப்பி போட்ட குழாய்கள் நீட்டிக்கொண்டு நின்றன. அவை வீடுகளுக்குக் காற்று போகும் வழி.

நான் தங்கிய விடுதியை நடத்தியவர் ஹில்டா என்ற மூதாட்டி. இளம் வயதில் ஹனோவருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்தவராம். அவருடைய ஜெர்மன் மொழி ஐம்பது ஆண்டு பழையது. கேட்க இதமாக இருந்தது. நிலத்துக்கு மேலே ஓர் அறை கேட்டேன். "அங்கே வேகும். எல்லோரும் கீழ் அறைதான் கேட்பார்கள்" என்றார். நான் மேல் அறையே எடுத்தேன்.

மறுநாள் மதியம் நன்றாகச் சாப்பிட்டு, நிறையத் தண்ணீர் குடித்து, சாம்பல் நிறக் கோட்டுச் சூட்டும் கழுத்துப் பட்டியும் அணிந்து புறப்பட்டேன். போகும் வீட்டில் எதுவும் தேவைப்படாதபடி ஆயத்தமாகப் போனேன்.

"இந்த உடுப்பிலா?" என்றார் ஹில்டா. "எங்கே, நீதிமன்றத்துக்கா?"

"கலியாணம் சொல்லப் போகிறேன்."

"இங்கே கலியாணத்துக்கே இப்படி ஒருவரும் உடுப்பதில்லை" என்று சொல்லிச் சிரித்தார். கையில் ஒரு தண்ணீர்ப் போத்தலைத் திணித்து, தம் காரில் கொண்டுபோய் அன்ரனின் வீட்டு முன்னால் விட்டுப் போனார்.

திறந்திருந்த கதவு

குன்றைக் குடைந்த வீடு. தகரத் தாழ்வாரம், அதன் கீழ் ஒரு கதிரை. கதவு அகலத் திறந்திருந்தது. கூப்பிட்டேன். பதில் இல்லை. சுரங்கத்துக்குப் போயிருக்கிறான் என்று விளங்கியது.

வீட்டுக்காரன் கூப்பிடாமல் உள்ளே போவது முறையல்ல. இருக்கச் சொல்லாமல் கதிரையில் இருப்பதும் முறையல்ல. நின்றேன். உள்ளேயிருந்து குளிர்ந்த காற்று வாசற்படியைத் தாண்டி வந்து என் சப்பாத்துகள்மேல் பட்டது. கணுக்கால்வரை குளிர், அதற்குமேல் நெருப்பு. ஈக்கள் கண்ணோரம் வந்து இருந்தன. தாழ்வாரத்து நிழல் சிறிது சிறிதாக நகர்ந்து என்னை விட்டுப் போயிற்று. ஹில்டா தந்த போத்தலும் முடிந்தது.

இரண்டு மணி நேரம் கழித்து ஒரு பிக்கப் வாகனம் வந்து நின்றது. இறங்கியவன் தலை முதல் கால்வரை வெள்ளை மண். தலைமயிரில் எது மண், எது நரை என்று பிரிக்க முடியவில்லை.

"அத்தான்?" என்றான். கண்ணோரத்து மண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தான். "எப்ப வந்தனீங்கள்?"

"மத்தியானம்."

"மத்தியானமோ? கதவு திறந்துதானே கிடக்கு. உள்ளுக்கை போய் இருந்திருக்கலாமே."

"வீட்டுக்காரர் கூப்பிடாமல் எப்படிப் போறது?"

"இந்த ஊரில வீட்டுக்காரன் வந்து கூப்பிட முதல் வெயில் கூப்பிட்டிடும்" என்றான். "சரி, இப்ப கூப்பிடுறன். உள்ளுக்கை வாங்கோ."

மேசையில் வைத்த கிளாஸ்

சுவர்களில் குடையும் இயந்திரம் போன தடங்கள் வட்டம் வட்டமாக, சீப்பால் இழுத்ததுபோல இருந்தன. மங்கிய சிவப்பும் மஞ்சளுமாகக் கல். ஜன்னல் இல்லை. ஒரு பக்கச் சுவரில் மாடம் குடைந்து மாதா சுருவம் வைத்திருந்தான். அதன் கீழே டிலானியின் முதல் நன்மைப் படம், வெள்ளை உடுப்பில். எங்கள் வீட்டில்கூட அந்தப் படம் இப்போது சுவரில் இல்லை.

"எல்லாம் நானே குடைஞ்சது" என்றான் அன்ரன். "இன்னொரு அறை வேணுமெண்டா கட்டத் தேவையில்லை, தோண்டினாக் காணும். உங்கட ஊரிலயெண்டா இதுக்கு எத்தினை அன்ட்ராக் படிவம் நிரப்பவேணும்."

எனக்குச் சிரிக்க வரவில்லை. வெயிலிலிருந்து உள்ளே வந்ததால் கண் இருண்டது. கதவு தெரியும்படி உள்ள கதிரையில் இருந்தேன். இருந்தவுடன் மீண்டும் எழும்பி, இரண்டு கையாலும் அழைப்பிதழைக் கொடுத்து, சொல்ல வேண்டிய முறையில் சொன்னேன்: மகளுக்குக் கலியாணம், குடும்பத்தின் சார்பில் நேரில் சொல்ல வந்திருக்கிறேன், தாய்மாமன் வந்து முன்னின்று நடத்தித் தரவேண்டும்.

கையை உடுப்பில் துடைத்துவிட்டு அவனும் இரண்டு கையால் வாங்கினான். முழுவதும் வாசித்தான்.

"பெடியன் எந்த இடம்?"

"பான் நகரத்தில இருக்கிற மன்னார்க் குடும்பம். நல்ல மனிசர்."

"சந்தோசம்." அழைப்பிதழை மாதாவின் காலடியில் வைத்துவிட்டுக் குசினிப் பக்கம் போனான். கண்ணாடிக் கிளாஸில் தண்ணீர் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். கிளாஸின் வெளிப்புறம் உடனே வியர்த்தது. "முதல்ல குடியுங்கோ. தேத்தண்ணி பிறகு போடுறன்."

"வேண்டாம்."

"அப்ப தேத்தண்ணி?"

"அதுவும் வேண்டாம்."

அவன் எதிரே இருந்தான். "இன்னும் அதுதானோ?"

"சொன்னது சொன்னதுதான்."

"சரி" என்றான் அன்ரன். குரலில் கோபம் இல்லை, அலுப்புத்தான் இருந்தது. "நானும் ஒரு சொல் சொன்னனான் அத்தான், உங்கட வீட்டில கை நனைக்கமாட்டன் எண்டு. டிலானிக்காக அதை விட நான் தயார். ஆனா நீங்கள் இஞ்ச ஒரு மிடறும் குடிக்காமப் போனா, நான் அங்க வந்து என்னெண்டு சாப்பிடுறது? ஹோலில எல்லாரும் இலையில கை வைக்க, தாய்மாமன் வாசலில நிண்டு அப்பிள் கடிக்கிறதோ?"

"வருவீரோ, வரமாட்டீரோ?" இவ்வளவு காலத்துக்குப் பிறகு அவனை நீ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"மறுமொழி மேசையில இருக்கு" என்றான்.

கிளாஸைப் பார்த்தேன். எழும்பினேன்.

"நில்லுங்கோ, நான் கொண்டுபோய் விடுறன்."

"நடந்து போவன்."

"நாற்பத்திமூண்டு பாகை அடிக்குது. நடக்க ஏலாது."

"ஏலும்."

"விசர்க் கதை கதைக்காதேங்கோ. போத்திலையாவது கொண்டுபோங்கோ."

"அதுவும் உம்முடைய வீட்டுத் தண்ணிதான்" என்று சொல்லி வெளியே வந்தேன்.

குழாய்க்குப் பக்கத்தில்

வீதி வளைந்து போனது. குன்றின்மேல் ஏறி மறுபக்கம் இறங்கினால் விடுதி கிட்டவாக இருக்கும் என்று கணக்குப் போட்டேன். கணிதம் படித்தவனின் கணக்கு. பாதிக்கு மேல் கைகளையும் ஊன்றித்தான் ஏற வேண்டியிருந்தது. உச்சியில் ஒரு வெள்ளைக் குழாய் என் மார்பு உயரத்துக்கு நின்றது. அதன் நிழல் ஒரு முழ அகலம் இருக்கும். அந்த நிழலில் இருந்தேன். கழுத்துப் பட்டியை அவிழ்க்க விரல்கள் ஒத்துழைக்கவில்லை. நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

குழாய்க்குள்ளிருந்து பேச்சுக் குரல் வந்தது. நான் இருந்தது அன்ரனின் வீட்டுக் கூரைமேல் என்பது அப்போதுதான் விளங்கியது. அவன் தொலைபேசியைச் சத்தமாக வைத்து றெஜினாவோடு கதைத்துக்கொண்டிருந்தான். ஹனோவரில் அப்போதுதான் விடிந்திருக்கும்.

"குடிச்சவரோ?" றெஜினாவின் குரல்.

"இல்லை, அக்கா."

"மனிசன் இல்லை, கல்லு. எத்தினை வருசம் நான் பொறுக்கிறது? உன்னை ஒருக்கா என்ர வீட்டு மேசையில இருத்திச் சோறு போட்டுப் பாக்காமலே நான் போயிடுவன் போல. வரட்டும் இஞ்ச."

"அவரைப் பேசாதேங்கோ அக்கா. நல்லா வயசு போட்டுது. சூட்டுக்குள்ள மெலிஞ்சு கிடக்கிறார். உள்ளுக்கை வந்து இருந்ததே பெரிய விசயம். நிலத்துக்குக் கீழ இருக்கிறது எல்லாருக்கும் ஏலாது."

"ஏன், பங்கருக்கை உனக்குத் துணைக்கு இருந்த மனிசன்தானே?"

கீழே கிளாஸ் மேசையில் நகரும் சத்தம் கேட்டது.

"ஓம்" என்றான் அன்ரன். "எனக்குத் துணைக்கு இருந்தவர்தான்."

இந்தத் தொடரில் போர்க்காலத்தைப் பற்றி எழுதிய வாரங்களிலும் நான் எழுதாததை இங்கே எழுதுகிறேன். அன்று பங்கரிலிருந்து எழும்ப முடியாமல் போனவன் நான். விமானங்கள் போய்விட்டன என்று தெரிந்தும் என் கால்கள் அசையவில்லை. நான் சுவரைப் பார்த்தபடி இருந்தேன். அயலார் ஒவ்வொருவராக ஏறிப் போனார்கள். அன்ரன் ஏறிப் போகவில்லை. பக்கத்தில் வந்து இருந்தான், ஒன்றும் கேட்கவில்லை. பொழுதுபட்டபின் என் கையைப் பிடித்து எழுப்பினான். மேலே வந்தபோது எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் வாய் திறக்குமுன் அவன் தனக்குப் பயம் என்றான். கல்லூரி ஆசிரியர் ஒருவரைச் சனம் அப்படிப் பார்க்கக்கூடாது என்று பத்தொன்பது வயதுப் பெடியன் நினைத்திருக்கிறான்.

அந்தப் பொய்யை எடுத்துத்தான் நான் விருந்தில் கதையாகச் சொன்னேன். இவ்வளவு காலத்துக்குப் பிறகும், சொந்த அக்காவிடம்கூட, அவன் அதை உடைக்கவில்லை.

குழாயைப் பிடித்துக்கொண்டு எழும்பினேன். அதன் சூடு உள்ளங்கையில் பட்டது. தொப்பிக்குக் கீழே வாயை வைத்துக் கூப்பிட்டேன்.

"அன்ரன்."

"ஆர்?"

"நான்தான்."

"எங்க நிக்கிறியள்?"

"மேல."

"என்ர கூரையிலயோ?"

"ஆர் கூரையில?" என்றார் றெஜினா, ஹனோவரிலிருந்து.

"உங்கட மனிசன்."

"அந்த மனிசன் கூரையில என்ன செய்யிறார்?"

"தெரியாது, கேப்பம். அத்தான், அங்க என்ன செய்யிறியள்?"

"தண்ணி வேணும்" என்றேன்.

கீழே கதிரை ஒன்று இழுபட்டது. பிறகு அன்ரன் நிதானமாகச் சொன்னான்: "பிக்கப்புக்கை கடையில வாங்கின போத்தில் ஒண்டு கிடக்கு. அது வீட்டுத் தண்ணி இல்லை. அதைக் கொண்டுவாறன், இருங்கோ."

எனக்கு ஒரு வழி திறந்து கொடுத்தான். பங்கர் வாசலில் கொடுத்த அதே மாதிரி. அதை எடுத்துக்கொண்டிருந்தால் என் சொல்லும் நின்றிருக்கும், தாகமும் தீர்ந்திருக்கும்.

"அது வேண்டாம்" என்றேன். "மேசையில வைச்ச கிளாஸைக் கொண்டு வா."

அவன் குன்றேறி வந்தான். கிளாஸை ஒரு கையால் மூடி, சிந்தாமல் கொண்டுவந்தான். தண்ணீரில் மண்ணின் உப்புச் சுவை சிறிது இருந்தது. முழுவதும் குடித்தேன். அவன் வெறும் கிளாஸை வாங்கிக்கொண்டு, என் கழுத்துப் பட்டியைத் தளர்த்திவிட்டு, "இறங்குவமோ?" என்றான். இறங்கினோம். கதவருகே கதிரையைப் போட்டு என்னை இருத்தித் தேத்தண்ணி தந்தான். றெஜினா கட்டித் தந்த பயத்தம் பணியாரம் விடுதியில் இருந்தது. அதை அவனுடைய பிக்கப்பில் போய் எடுத்து வந்தோம். பங்கரைப் பற்றி இருவரும் ஒரு சொல்லும் கதைக்கவில்லை. கதைக்க எனக்குத் தெம்பு இருக்கவில்லை.

மண்டபத்தில்

வசந்த காலத்தில் கலியாணம் நடந்தது. அன்ரன் வந்தான். முதல்நாள் மாலை எங்கள் வீட்டு மேசையில் இருந்து சாப்பிட்டான். றெஜினா ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு அவனுக்கு நாலு தரம் சோறு போட்டார். இனி ஏலாது அக்கா என்று அவன் தட்டைக் கையால் மறைக்கும்வரை விடவில்லை. நான் வேறு அறைக்குப் போகவில்லை.

மறுநாள் மண்டபத்தில், சாப்பாட்டு வேளையில், ஞாயிறு திருப்பலியில் என்னோடு மாறி மாறி வாசகம் வாசிக்கும் பிலிப்பு எங்கள் மேசைக்கு வந்தார். பழைய விருந்திலும் இருந்தவர் அவர். "என்ன பங்கர் அன்ரன், சுகமோ?" என்று முதுகில் தட்டினார். அன்ரன் சிரித்தான். பிறகு பிலிப்பு என்னைப் பார்த்துக் கண்சிமிட்டினார்.

"மாஸ்டர், கடைசியில தண்ணி குடிச்சிட்டீங்களாமே."

மேசையில் இருந்தவர்கள் சாப்பிடுவதை நிறுத்தினார்கள். நான் வாய் திறக்குமுன் அன்ரன் சொன்னான்: "அத்தான் எங்க குடிச்சவர்? வெயிலில மயங்கி விழுந்திட்டார். நான்தான் வாயில ஊத்தினனான்."

"அதுதானே பாத்தன்" என்றார் பிலிப்பு. "மயங்கின மனிசன்ர வாயில ஊத்தினா அது குடிச்ச கணக்கில்லை. மாஸ்டர் சொல்லு மாறமாட்டார்."

எல்லோரும் ஆமோதித்தார்கள். றெஜினா என்னைப் பார்த்தார். அவர் அன்று தொலைபேசியில் எல்லாவற்றையும் கேட்டவர். நான் தலையைக் குனிந்து சோற்றைப் பிசைந்தேன். மகளின் கலியாண நாளில் ஒரு கதையைக் கிளற வேண்டாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்று மாலைக்குள் மண்டபம் முழுவதும் அந்தக் கதை போய்விட்டது. அதன்பின் பான், கார்ஹிங் என்று ஊர் ஊராகப் போயிருக்கிறது. சென்ற மாதம் முன்பின் அறியாத ஒருவர் தொலைபேசியில் என்னிடமே அதைச் சொல்லி, சொல்தவறாத மனிசன் என்று வாழ்த்தினார்.

அந்த வாழ்த்தைக் கேட்டுக்கொண்டிருப்பது அலுப்பாக இருந்தது. ஆகவே எழுதுகிறேன். பங்கரில் பயந்தவன் அன்ரன் இல்லை. கூரையில் நான் மயங்கவில்லை. நல்ல நினைவோடு, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அவன் வீட்டுத் தண்ணீரைக் கேட்டு வாங்கிக் குடித்தேன்.